திருகோணமலையிலிருந்து ஃபுளோரைட் படிகங்கள் சேர்ப்பவருக்கு: கல்லுக்கு முன் கடுதாசி

மாசி மாதத்தில் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவருக்குப் பணம் கட்டிய ஒரு ஃபுளோரைட் கல், ஆனி நடுப்பகுதியில்தான் உவர்மலையில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பொதியைப் பிரித்தபோது படிகத்தின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அது எந்தச் சுரங்கத்தில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் சீட்டும் உள்ளே இல்லை. இந்த நான்கு மாதங்களில் நான் கொழும்புக்கு இருமுறை போய் வந்தேன். கல்லின் விலையை விடப் பயணச் செலவு கூடியது. அந்தத் தாமதமும் நட்டமும் கல்லால் வந்தவை அல்ல. விற்பவர் பொதியில் எழுதிய நான்கு சொற்களாலும், நான் கேட்டு வாங்காமல் விட்ட இரண்டு தாள்களாலும் வந்தவை. பின்னர் எட்டுப் பொதிகள் தருவித்துவிட்டேன். வழி இப்போது பிடிபட்டிருக்கிறது. நம் பக்கத்தில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குபவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

1. எந்தச் சுரங்கத்தின் கல் வேண்டும் என்று தீர்மானியுங்கள்

ஃபுளோரைட் அரிதான கனியம் அன்று. உருக்காலைகளிலும் ஐதரோஃபுளோரிக் அமிலம் செய்யும் தொழிற்சாலைகளிலும் அது தொன் கணக்கில் செலவாகிறது. சேகரிப்பவர் தேடுவது, ஃபுளோரைட்டுக்காகவோ ஈயத்துக்காகவோ நாகத்துக்காகவோ தோண்டிய சுரங்கங்களின் பொந்துகளில், வெடியிலும் கோடரியிலும் தப்பி முழுமையாக நின்ற படிகங்களை. அந்தச் சுரங்கங்கள் பல மூடப்பட்டுவிட்டன. ஆகவே நல்ல கல் என்பது பெரும்பாலும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் கல்தான். எல்லாச் சுரங்கத்தையும் ஒரே நேரத்தில் துரத்தாமல், ஒன்றைத் தேர்ந்து அதன் நிறத்தையும் வடிவத்தையும் பழகிக்கொண்டால், பின்னர் படத்தைப் பார்த்தே பொய்ச் சீட்டை அடையாளம் காண முடியும்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில், ஹார்டின் மாவட்டத்துக் கேவ்-இன்-ரொக், ரோசிக்கிளேர் பகுதிகளின் கற்களை. அங்கே கடைசிச் சுரங்கம் 1995இல் மூடப்பட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக ஏராளமான படிகங்கள் வெளியே வந்து பழைய சேகரிப்புகளில் தங்கிவிட்டதால், சிறிய கற்கள் இன்னும் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்கின்றன. இல்லினோய் 1965இல் ஃபுளோரைட்டைத் தன் மாநிலக் கனியமாக அறிவித்திருக்கிறது. கூர்மையான கனசதுரம், அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே மஞ்சளும் ஊதாவும் மாறி மாறி, பெட்டிக்குள் பெட்டி வைத்தாற்போலத் தெரியும். இந்த நிற அடுக்கு உங்கள் கண்ணுக்கு நல்ல பயிற்சி.

இரண்டாவது, இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் உள்ள வியர்டேல் பள்ளத்தாக்கு. ஈயத்துக்காகத் தோண்டிய சுரங்கங்கள் பின்னர் ஃபுளோரைட்டுக்காகத் தோண்டப்பட்டன. கடைசியில் இயங்கிய குரோவ்ரேக், ஃபிரேசர்ஸ் ஹஷ் ஆகியவை 1999இல் மூடப்பட்டன. அதே பள்ளத்தாக்கில், ஃபிரொஸ்டர்லி ஊருக்கு அருகே ஒரு பழைய சுண்ணக்கல் குவாரியின் சுவரில் உள்ள ரோஜர்லி சுரங்கம் மட்டும், 1999 முதல் படிகங்களுக்காகவே தோண்டப்பட்டு வந்தது. அதன் பச்சைக் கற்கள் இரண்டிரண்டு கனசதுரங்களாக ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும். வீட்டு மின்குமிழின் கீழ் பச்சையாக இருக்கும் கல், முற்றத்துக்குக் கொண்டுபோனதும் நீல ஊதாவாக மாறும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி அக்கல் தானே ஒளிர்வதால் இப்படி நடக்கிறது. ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற அறிவியலாளர் 1852இல் இவ்வகை ஒளிர்வுக்கு ஆங்கிலத்தில் "ஃபுளோரசென்ஸ்" என்று பெயரிட்டபோது, அந்தப் பெயரை இந்தக் கனியத்தின் பெயரிலிருந்தே எடுத்தார். நான் இதை முதன்முதலில் பார்த்தது காலை ஏழு மணி வெயிலில், என் வீட்டுத் திண்ணையில். வேறு எந்தக் கல்லும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து, பெர்பெஸ், லா கொயாடா என்ற இடங்களின் நீல, ஊதாக் கற்கள் வருகின்றன. அழகானவை, ஆனால் விலை விரைவாக ஏறும். சீனக் கற்கள் மலிவு, தோற்றமும் நன்று. எனினும் அவற்றோடு வரும் இடப்பெயர்ச் சீட்டுகள் பலவற்றில் மாகாணத்தின் பெயர் மட்டுமே இருக்கும். பழைய சுரங்கத்தின் கல்தான் வேண்டும் என்பவர் அவற்றை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவைப்பது நல்லது.

2. தாமே சுரங்கத்துக்குப் போய் எடுக்க விரும்புபவர்கள்

நம் நாட்டில் ஃபுளோரைட்டுக்கென்று சுரங்கத் தொழில் இருந்ததில்லை. கனியங்களைத் தேடுவதற்கும் தோண்டுவதற்கும், வியாபாரத்துக்கும், கொண்டுசெல்வதற்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சேருவிலையில் செம்பும் காந்த இரும்பும் கொண்ட பாறை இருக்கிறது, புல்மோட்டையில் கனிய மணல் இருக்கிறது என்பதற்காகச் சுத்தியலோடு புறப்பட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டுக்குப் போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு ஒரு சொல். இங்கிலாந்தில் நிலம் ஒருவருக்கும், அதன் கீழ் உள்ள கனியங்களின் உரிமை இன்னொருவருக்கும் இருக்கலாம். இருவரின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். இயற்கை பாதுகாப்புக்காக அறிவிக்கப்பட்ட இடங்களில் கல் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் இறங்குவதை எந்த நிலையிலும் எண்ணாதீர்கள். மேலே பலகை மூடிய கிணறுகளும், உயிர்வாயு குறைந்த காற்றும் உள்ளே இருக்கும்; அந்தக் காற்றுக்கு மணம் இல்லை. அமெரிக்காவில் கென்டக்கியின் மேரியன் நகரில் உள்ள பென் ஈ. கிளெமென்ட் கனிய அருங்காட்சியகம், பழைய சுரங்கங்களின் கழிவுக் குவியல்களில் கட்டணத்துக்குக் கல் பொறுக்க ஆட்களை அழைத்துச் செல்கிறது. உறவினர் யாராவது அந்தப் பக்கம் இருந்தால், இவ்வாறான ஒழுங்குகளில் சேர்வதே முறையான வழி.

3. விற்பவரிடம் பணத்துக்கு முன் கேட்க வேண்டியவை

முதலில் படம். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று, அடிப்பகுதி ஒன்று, அளவுகோலுடன் ஒன்று, சாதாரணப் பகல் வெளிச்சத்தில் ஒன்று என ஐந்து படங்களைக் கேளுங்கள். பின்னால் விளக்கு வைத்து எடுத்த படம் எந்தக் கல்லையும் அரசியாக்கிவிடும். படம் அனுப்பச் சுணங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்து, எழுத்தில் பதில் பெற வேண்டிய கேள்விகள் மூன்று. உடைந்து ஒட்டப்பட்டதா? முகங்கள் மினுக்கப்பட்டனவா, அமிலத்தில் கழுவப்பட்டனவா, எண்ணெயோ பிசினோ பூசப்பட்டதா? பழைய சீட்டு எது, அது கல்லோடு வருமா? ஒட்டிய கல் விற்பது குற்றம் அன்று. ஒட்டியதை மறைத்து விற்பதுதான் குற்றம். நேர்மையான விற்பனையாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை.

புதியவர்கள் அதிகம் விழும் குழி எண்முகிக் கற்கள். இணையத்தில் எட்டு முகங்களோடு, கண்ணாடிபோல் வழவழப்பான சிறு ஃபுளோரைட் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். "இயற்கைப் படிகம்" என்று கீழே எழுதியிருக்கும். ஃபுளோரைட் நான்கு திசைகளில் துல்லியமாகப் பிளக்கும் கனியம். உடைந்த கட்டிகளைச் சிறு உளியால் தட்டித் தட்டி அந்த எட்டு முகங்களையும் ஒருவர் பிளந்தெடுத்திருக்கிறார். அதில் தவறு ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அது மிக நல்லது. ஆனால் அது வளர்ந்த படிகம் அன்று. வளர்ந்த முகத்தில் மெல்லிய படிக்கட்டுகளோ பதிவுகளோ இருக்கும். பிளந்த முகத்தில் முத்துப்போன்ற ஒரு மினுக்கமும், ஓரங்களில் சின்னஞ்சிறு முக்கோணப் பெயர்வுகளும் தெரியும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஃபுளோரைட் தண்ணீரைப் போல 3.18 மடங்கு கனமானது. ஐந்து சதமமீற்றர் பக்கமுள்ள ஒரு கனசதுரம் ஏறத்தாழ 400 கிராம் நிறுக்கும். தபாலில் சிறு பொதியின் எல்லை 2 கிலோ என்பதால், பாதுகாப்பான பொதியோடு அத்தகைய மூன்று கற்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாது. தொடக்கத்தில் இரண்டரைச் சதமமீற்றர் பெட்டிக்குள் அடங்கும் கற்களையே வாங்குங்கள். நான் தந்த விலைகள் 25 முதல் 60 இங்கிலாந்துப் பவுண் வரை. அதே விலையில் பெரிய கல் கிடைக்கிறது என்றால் ஏதோ ஒரு மூலை உடைந்திருக்கும்.

4. பெற வேண்டிய தாள்களும் பொதியில் எழுத வேண்டிய சொற்களும்

என் முதல் பொதி ஏன் நின்றது என்பதை இங்கேதான் சொல்ல வேண்டும். விற்பவர், கல்லின் இரசாயனப் பெயரை எழுதினால் தெளிவாக இருக்கும் என்று நல்லெண்ணத்தில் நினைத்து, சுங்கப் படிவத்தில் "கல்சியம் ஃபுளோரைடு, கெமிக்கல் சாம்பிள்" என்று எழுதிவிட்டார். கொழும்பில் ஓர் அலுவலர் படிவத்தை என் பக்கம் திருப்பி, "ஐயா, இது கெமிக்கல் என்றுதானே போட்டிருக்கு? எந்தக் கம்பனிக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். கனியத்தின் பெயர் ஃபுளோரைட், சேர்மத்தின் பெயர் ஃபுளோரைடு; ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்து ஒரு சேகரிப்புக் கல்லை ஆய்வுகூட இரசாயனமாக மாற்றிவிடுகிறது.

ஆகவே விற்பவருக்கு நீங்களே சொற்களை அனுப்புங்கள். அவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டியது இது: "நேச்சுரல் மினரல் ஸ்பெசிமன், ஃபுளோரைட், அன்கட், ஃபார் பிரைவேட் கலெக்ஷன்". அதன் பக்கத்தில் உலகம் முழுவதற்கும் பொதுவான சுங்க வகைப்பாட்டு இலக்கம் 9705.29 வர வேண்டும். விலங்கியல், தாவரவியல், கனியவியல் ஆர்வத்துக்கான சேகரிப்புப் பொருட்களுக்குரிய தலைப்பு 9705; 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கனியக் கற்கள் அதன் 29ஆம் பிரிவில் வருகின்றன. 2529.21, 2529.22 ஆகியவை ஆலைக்குப் போகும் ஃபுளோரைட்டுக்கு உரியவை. விற்பவர்கள் பலர் இணையத்தில் தேடி முதலில் கிடைக்கும் அந்த இலக்கத்தையே எழுதிவிடுவார்கள். "ஜெம்", "கிறிஸ்டல் ஜுவலரி" போன்ற சொற்களும் கூடாது. 7103 என்ற இரத்தினக்கல் தலைப்புக்குள் போய்விட்டால், மதிப்பீட்டுக்காகக் கல் இன்னொரு மேசையில் காத்திருக்க நேரும். 9705க்கு நம் நாட்டில் அன்றைக்கு உள்ள வரி வீதம் எவ்வளவு, இறக்குமதி அனுமதி தேவையா என்பவற்றை, பணம் கட்டும் வாரத்திலேயே இலங்கைச் சுங்கத்தின் இணையத்தில் உள்ள வரி அட்டவணையில் பார்த்துவிடுங்கள். வர்த்தமானி ஒன்று வந்தால் இவை மாறிவிடும். போன ஆண்டு நண்பர் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம்.

தபாலில் வரும் பொதிக்குச் சிறிய பெறுமதி என்றால் சிஎன் 22, கூடிய பெறுமதி என்றால் சிஎன் 23 என்ற படிவம் ஒட்டப்படும். அதில் உங்கள் தொலைபேசி இலக்கமும், 31000 என்ற தபால் குறியீடும், "திருகோணமலை, ஸ்ரீலங்கா" என்ற முழு முகவரியும் இருக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் இல்லாத பொதியைப் பற்றி யாரும் உங்களுக்கு அறிவிக்க முடியாது.

நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை: விற்பவர் ஒப்பமிட்ட விலைச்சிட்டை, பணம் கட்டியதற்கான வங்கிப் பதிவு, கல்லின் படம், பொதியின் தடங்காண் இலக்கம், தேசிய அடையாள அட்டையின் பிரதி. விலைச்சிட்டையில் சுரங்கத்தின் பெயர், ஊர், நாடு மூன்றும் எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். சுங்கத்துக்கு அது தேவைப்படாமல் போகலாம். ஆனால் கல்லோடு வரும் சீட்டு தொலைந்தால், அந்த விலைச்சிட்டைதான் அதன் பிறப்புச் சான்றிதழ். என் முதல் கல்லின் சீட்டு தொலைந்தது. விலைச்சிட்டையில் "ஊதாக் கல் ஒன்று" என்று மட்டும் இருந்தது. அந்தக் கல் இன்றும் என் அலுமாரியில் பெயரில்லாமல் இருக்கிறது. மூடிவிட்ட சுரங்கத்திடம் போய் யாரும் மறுபிரதி கேட்க முடியாது.

விற்பவர் சிலர் "பரிசு என்று எழுதிவிடவா, விலையைக் குறைத்துப் போடவா" என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். அது சுங்கத்துக்குப் பொய் சொல்வது. அத்துடன் பொதி தொலைந்தால் படிவத்தில் எழுதிய தொகைக்கு மேல் ஒரு சதமும் கேட்க முடியாது.

பணம் செலுத்தும் முன் உங்கள் வங்கியில் கேட்டு, அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். வங்கி எடுக்கும் நாணயமாற்று வீதம் செய்தித்தாளில் பார்க்கும் வீதத்தை விடக் கூடுதலாக இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

5. பொதி கட்டும் முறை

இதை விற்பவரிடம் விட்டுவிடாமல் எழுதி அனுப்புங்கள். ஃபுளோரைட்டின் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவில் 4. கத்தி கீறும், விழுந்தால் மூலை பிளந்து போகும். படிகத்தின் மேல் முதலில் மெல்லிய மென்தாள், அதன் மேல் மூன்று நான்கு சுற்று மெத்தென்ற தாள், பிறகு குமிழித்தாள். கல் தன் சிறு பெட்டிக்குள் அசையவே கூடாது. அந்தச் சிறு பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலத்துக்கு ரிஜிபோம் துண்டுகளோ கசக்கிய கடதாசியோ நிறைக்க வேண்டும். பஞ்சு நேரடியாகப் படவே கூடாது. அதன் இழைகள் சிறு படிகங்களில் சிக்கி, இழுக்கும்போது அவற்றைப் பெயர்த்துவிடும். சீட்டைத் தனி நெகிழி உறைக்குள் இட்டு, சிறு பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். வெளிப்பெட்டியில் வைத்தால், சோதனைக்குப் பிரிக்கும்போது அது குப்பையோடு போய்விடும். என் சீட்டு அப்படித்தான் போனது என்று நினைக்கிறேன்.

உறவினர் யாராவது ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் இருமுறை அப்படிக் கொண்டுவந்து தந்தான். கல்லைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிரிக்கச் சொல்லக்கூடும் என்பதால், பெரிய பெட்டியின் நடுவே துணிகளுக்குள் வைத்து, விலைச்சிட்டையை மட்டும் கையில் வைத்திருக்கச் சொன்னேன். கட்டுநாயக்கவில் கேட்டால் காட்டவும் அறிவிக்கவும் வேண்டும். மருமகன் என்றாலும் அடுத்தவர் பெட்டியில் வரும் பொருள்; மறைத்துக் கொண்டுவா என்று சொல்வது அவனுக்குச் செய்யும் தீங்கு.

6. கொழும்பில் நிற்கும் காலமும் செலவும்

வெளிநாட்டுப் பொதிகள் கொழும்பில் உள்ள மத்திய தபால் பரிமாற்றகத்தின் ஊடாக வருகின்றன. சிக்கல் இல்லாத என் பொதிகள் இங்கிலாந்திலிருந்து மூன்று முதல் ஐந்து வாரங்களிலும், அமெரிக்காவிலிருந்து ஐந்து முதல் எட்டு வாரங்களிலும் வந்தன. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பும், மார்கழியில் நத்தார்க் காலத்திலும் அனுப்பச் சொல்லாதீர்கள். பொதிகள் குவிந்து கிடக்கும். குவியலின் அடியில் கிடக்கும் பெட்டி நசுங்கும்.

கேள்வி இருந்தால் அறிவித்தல் வரும். உடனே புறப்பட வேண்டாம். முதலில் தொலைபேசியில் அழைத்து, என்ன தாள் குறைகிறது, அதை மின்னஞ்சலில் அனுப்பலாமா, வேறொருவர் அதிகாரமளிப்புக் கடிதத்தோடு வந்து எடுக்கலாமா என்ற மூன்றையும் கேளுங்கள். நான் முதல் தடவை இரவு ரயிலில் ஏறி, காலையில் கோட்டையில் இறங்கி, விலைச்சிட்டை இல்லாமல் போய் நின்று, வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாம் தடவை எல்லாத் தாளும் இருந்தன. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. போகத்தான் வேண்டும் என்றால் கிழமை நாளில், போயா விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்து, மூலப் பிரதிகளோடும் நிழற்பிரதிகள் இரண்டோடும் போங்கள்.

வரி, கல்லின் விலைக்கு மட்டும் அன்று. விலை, தபால் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த பெறுமதியின் மேல் கணக்கிடப்படும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். அதற்கு மேல் அந்தத் தலைப்புக்குரிய மற்ற அறவீடுகளும் தபாலின் கையாளுகைக் கட்டணமும் வரலாம். ரூபாவாக மாற்றுவது சுங்கம் அந்த வாரத்துக்கு அறிவித்த வீதத்தில். நான் ஒவ்வொரு முறையும் கல்லின் விலையையும் தபால் கூலியையும் கூட்டி, அதில் பாதித் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். மிஞ்சினால் அடுத்த கல்லுக்கு ஆகும். இந்தக் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது: 20 பவுண் கல்லுக்கும் 60 பவுண் கல்லுக்கும் தபால் கூலி ஏறத்தாழ ஒன்றே. ஆண்டுக்கு ஆறு மலிவான கற்களை விட, இரண்டு நல்ல கற்கள் முடிவில் குறைந்த செலவில் வரும். கட்டிய வரியின் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். கல்லை எப்போதாவது பழுதுபார்க்கவோ விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால், அது முறையாக வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

7. பொதி கைக்கு வந்த நாளில்

அன்றைக்கே பிரிக்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். ஃபுளோரைட் திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. ஒரு வைகாசி மதியம், தபாலகத்திலிருந்து வந்த பெட்டியை வெயிலில் நின்ற வாகனத்துக்குள் அரை மணி நேரம் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தூசியைக் கழுவ மண்பானைத் தண்ணீரில் கல்லைத் தோய்த்தேன். "டிக்" என்று ஒரு சிறு சத்தம், நகம் முறிந்தாற்போல. தண்ணீருக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு முக்கோணச் சில்லு கிடந்தது. கல்லின் மூலையில் அதே அளவில் ஒரு சாய்ந்த முகம் பளபளத்தது. இப்போது பெட்டியை மூடியபடியே அறையில் ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பிரிக்கிறேன். பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் படம் எடுக்கிறேன். உடைந்திருந்தால் விற்பவருக்கு இரண்டு நாட்களுக்குள் படங்களை அனுப்ப வேண்டும். பொதி உறையை அதுவரை எறியக் கூடாது.

பிறகு கல் உண்மையில் ஃபுளோரைட்தானா என்று பாருங்கள். படிகத்தைக் கீறிப் பார்க்கவே வேண்டாம். தனிப் படிகமாக இருந்தால் நிறையே போதும். 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று வாங்குங்கள். கல்லை உலர்ந்த நிலையில் நிறுங்கள். பின்னர் தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, காட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, தையல் நூலில் கட்டிய கல்லை அடியிலும் சுவரிலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது காட்டும் எண்ணால் முதல் எண்ணை வகுக்க வேண்டும். என் வியர்டேல் கல் உலர்ந்தபோது 94.2, தண்ணீரில் தொங்கியபோது 29.6, வகுத்தால் 3.18. கண்ணாடி 2.5 அளவிலும், குவாட்ஸ் எனப்படும் பளிங்கு 2.65 அளவிலும், கல்சைட் 2.71 அளவிலும் நிற்கும். படிகம் வளர்ந்த தாய்ப்பாறையோடு ஒட்டிய கல்லுக்கு இந்தச் சோதனை சரிவராது.

365 நானோமீற்றர் புற ஊதா டோர்ச் ஒன்றும் வைத்திருங்கள். 395 என்று எழுதிய மலிவான டோர்ச் எல்லாவற்றையும் ஊதாவாகவே காட்டும், அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். இருட்டறையில் வியர்டேல் ஃபுளோரைட் முழுவதும் நீலமாக ஒளிரும். படிகத்துக்கும் பாறைக்கும் இடையில் மட்டும் வெண்மையாக ஒரு கோடு தனியே ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் பசை. டோர்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

கழுவ வேண்டியிருந்தால், அறை வெப்பத்தில் உள்ள வடிநீரும் (காய்ச்சி வடித்த நீர்) மென்மையான தூரிகையும் போதும். கிணற்றுத் தண்ணீர் உலர்ந்தால் வெள்ளைப் படலம் விடும். வடிநீரைப் பலர் வாகனக் கடையில் வாங்குவார்கள். இங்கே மிகக் கவனம் வேண்டும். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரும் பற்றரி அமிலமும் ஒரே தட்டில், ஒரே மாதிரிப் போத்தலில் இருக்கும். அந்த அமிலம் கந்தக அமிலம். அது ஃபுளோரைட்டில் பட்டால் ஐதரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். அது தோலையும் எலும்பையும் கெடுக்கும் கொடிய நஞ்சு. கழிவறை கழுவும் திரவம், துரு நீக்கி, எலுமிச்சம்புளி எதுவும் வேண்டாம். ஈயக் கனியமான கலீனா ஒட்டிய கல்லைத் தொட்டால் கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். படிகத்தைக் குடிநீர்ப் போத்தலுக்குள் இட்டுக் குடித்தால் உடலுக்கு நல்லது என்று சொல்பவர்களை நம்பவே வேண்டாம். ஃபுளோரைட் சிறிதளவேனும் தண்ணீரில் கரையும், அதை நம் வயிற்றுக்குள் விட ஒரு காரணமும் இல்லை.

8. கச்சான் காற்றிலும் கடல் உப்பிலும் கல்லைக் காப்பது

வெளிநாட்டுக் குறிப்புகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு இதுதான் முக்கியம். கச்சான் வீசும் மாதங்களில் நம் வீடுகளுக்குள் வரும் தூசியில் கடற்கரை மணலின் நுண்துகள் கலந்திருக்கும். அந்த மணலின் பெரும்பகுதி பளிங்கு, கடினம் 7. கடினம் 4 உள்ள படிகத்தை ஒரு துணியால் துடைத்தீர்கள் என்றால், மென்மையாகத் துடைத்தாலும், உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். துடைக்காதீர்கள். காது கழுவும் ரப்பர்க் குமிழால் காற்றை ஊதி, மிஞ்சியதை ஓவியத் தூரிகையால் தட்டிவிடுங்கள். கண்ணாடிக் கதவு இறுக மூடும் அலுமாரி ஒன்றுக்குச் செலவழிப்பது, இன்னொரு கல் வாங்குவதை விட மேல்.

அலுமாரி சன்னலுக்கு எதிரே இருக்கக் கூடாது. சில ஃபுளோரைட்கள், குறிப்பாக வியர்டேல் பச்சைக் கற்கள், நீண்ட நாள் வெயிலில் நிறம் வெளிறும். போன நிறம் திரும்பாது. விருந்தினருக்குத் திண்ணையில் நிறமாற்றத்தைக் காட்டலாம், இரண்டு நிமிடம். பிறகு உள்ளே கொண்டுபோய்விட வேண்டும்.

வாடைக் காலத்து ஈரம் ஃபுளோரைட்டை ஒன்றும் செய்யாது, ஆனால் அதோடு ஒட்டி வரும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், மார்கசைட் ஆகிய கனியங்களைத் தின்னும். அவை ஈரத்திலும் உப்பிலும் பூத்து, வெண்சாம்பலாகி, கந்தக அமிலத்தைக் கசியவிடும். பக்கத்தில் நிற்கும் ஃபுளோரைட்டுக்கு அது என்ன செய்யும் என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும். ஆகவே பொன்னிற மினுக்கம் கொண்ட தாய்ப்பாறை எவ்வளவு அழகாக இருந்தாலும், கடற்கரை ஊரில் இருப்பவர்கள் அதைத் தவிருங்கள். ஐப்பசி தொடங்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அலுமாரியில் வைத்து, நிறம் மாறியவற்றை மாதம் ஒருமுறை காயவைத்து மீண்டும் வையுங்கள்.

கடைசி வேலை இலக்கமிடுவது; கல் வந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். கல்லின் அடியில், படிகம் இல்லாத இடத்தில், அரிசி மணி அளவுக்கு வெள்ளை வர்ணம் ஒரு பொட்டு. உலர்ந்தபின் அதன் மேல் கறுப்பு மையில் மெல்லிய எழுத்தில் ஓர் இலக்கம், அதன் மேல் ஒரு துளி வார்னிஷ். அதே இலக்கத்தில் கொப்பியில் ஒரு பக்கம்: சுரங்கம், ஊர், நாடு, யாரிடம் வாங்கியது, எப்போது, என்ன விலை, என்ன வரி, நிறை, அளவு, உடைவு ஒட்டு எதுவும் இருந்தால் அது. பழைய சீட்டு எவ்வளவு கிழிந்திருந்தாலும் புதிதாக எழுதி மாற்றாதீர்கள்; உங்கள் சீட்டை அதன் பின்னால் சேர்த்து, இரண்டையும் ஒரே உறையில் இடுங்கள். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். என்னுடையது லண்டனில், தங்கை மகனிடம் இருக்கிறது.